திங்கட்கிழமை ஒன்று பத்து

மானிட்டரின் ஓரத்தில் உன் ஸ்டிக்கர் பொட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மெரூன் கலர், சின்ன சைஸ். பழைய சாமான் எடுக்கிறவர் வாசலில் வண்டியோடு நிற்கிறார். அவருக்குக் கொடுப்பதற்காகப் பரண் மேல் கிடந்த நம் கம்ப்யூட்டரை இறக்கித் துடைக்கும்போதுதான் பார்த்தேன். மத்தியானம் முகம் கழுவப் போகும்போது நெற்றியிலிருந்து எடுத்து அங்கே ஒட்டுவாய். அப்புறம் அதையே மறந்துவிட்டு, "எம் பொட்டு எங்கமே?" என்று கடை முழுக்கத் தேடுவாய். ஊரார் ஃபைலையெல்லாம் தேடித் தருகிறவளுக்குத் தன் பொட்டு மட்டும் கண்ணில் படாது.

கொடுப்பதற்கு முன் உள்ளே வேண்டியது ஏதாவது இருக்குமா என்று ஒயரை மாட்டினேன். சனியன், ஓடித் தொலைத்தது. ஓடாமலே இருந்திருக்கலாம்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாம் சேர்ந்து நடத்திய டைப்பிங் கடைக்கு வந்தவர்களில் ஒருவருக்காவது ஃபைலின் பெயர் ஞாபகம் இருந்திருக்கிறதா? "யக்கா, அன்னிக்கி ஒரு மனு அடிச்சினு போனேனே, அது இன்னொண்ணு வோணும்" என்று வந்து நிற்பார்கள். நான் எரிந்து விழுவேன். நீ சிரித்துக்கொண்டே, "எந்த நாளு வந்த?" என்பாய். "எங்க ஊர்ல தீமிதி நடந்துச்சே, அதுக்கு மறுநாளு." அது போதும் உனக்கு. சுற்றுவட்டாரத்துத் தீமிதி, கூத்து, ஏரி நிரம்பிக் கோடி போன நாள் எல்லாவற்றையும் தேதியோடு 'நாள்' என்ற ஒரு ஃபைலில் எழுதி வைத்திருந்தாய். அதைத் திறந்து பார்த்து, விரல் விட்டு எண்ணி, கறுப்புத் திரையில் ஃபைண்ட் என்று அடித்து, இத்தனை நாளுக்கு முன் எழுதியது எது என்று கேட்பாய். நாலைந்து பெயர் வரும். அதில் ஒன்று அவருடையதாக இருக்கும். "பேரக் கேட்டா முழிப்பாங்கமே. நாளக் கேளு, சொல்லிடுவாங்க" என்பாய்.

எனக்கும் கற்றுக்கொடுக்கத்தான் பார்த்தாய். நான் ராத்திரிக் குழம்புக்கு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "ஒரு ஃபைலுக்கு மூணு நேரம் கீதுமே. உள்ள எழுத்து மாறுன நேரம் ஒண்ணு. பேரு, பூட்டு, இந்த மாதிரி மேலால ஏதாச்சும் மாறுனா அதுக்கு ஒண்ணு. கடைசியா தொறந்து படிச்ச நேரம் ஒண்ணு. மூணும் வேற வேற. ஒண்ண மட்டும் பாத்துட்டு எதுவும் சொல்லக்கூடாது." சரி சரி என்று தலையாட்டினேன். 'சிடைம்' என்று, நீ சொன்ன இரண்டாவது நேரத்தைப் போட்டுத் தேடினால் சமீபத்தில் தொட்டது வரும் என்பது மட்டும் மண்டையில் ஏறியது. அந்த அரைகுறைதான் நம் இரண்டு பேரையும் பிரித்தது.

அரையாண்டுப் பரீட்சைக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் வினாத்தாள்கள் நம்மிடம் வந்தன. கணக்குத் தாளை வெள்ளிக்கிழமை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அடித்து முடித்தோம். திங்கட்கிழமை மத்தியானம் நான் சாப்பிடக் கிளம்பும்போது, வெளியாள் யாரும் திறக்க முடியாதபடி அந்த ஃபோல்டர் முழுவதற்கும் ஒரே வரியில் பூட்டுப் போட்டேன். அதற்குப் பிறகு நீ தனியாகக் கடையில் இருந்தாய். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்து ஆள் வந்து குதித்தார். மறுநாள் நடக்க வேண்டிய பரீட்சையின் கணக்குத் தாள் அதற்குள் பிள்ளைகள் கையில் இருக்கிறதாம். உன் அக்கா மகள் அங்கேதான் பத்தாவது படித்தாள்.

கணக்குத் தாள் ஒன்றை மட்டும் தேடினேன். திங்கட்கிழமை ஒன்று பத்து என்று வந்தது. அந்த ஆள் எதிரிலேயே உன்னைக் கேட்டேன், "நான் சோறு துன்னப் போன நேரத்துல இத இன்னாத்துக்குத் தொட்ட?"

நீ கத்தவில்லை. "உள்ள மாறுன நேரத்தப் பாருமே. முழுசாப் பாத்துட்டு அப்பால பேசு" என்றாய்.

"அதான் கண்ணால பாத்துக்கினு கீறேனே! இன்னும் இன்னா பாக்கணும்?"

திருப்புலிவனத்துப் பெரியவர் ஒருவர் அவ்வளவு நேரமும் பட்டா மனுவுக்காகக் காத்திருந்தார். நீ உட்கார்ந்து அவரிடம் நாளைக் கேட்டாய், 'நாள்' ஃபைலைத் திறந்து பார்த்தாய், மனுவைத் தேடி எடுத்து பிரிண்ட் போட்டுக் கொடுத்தாய். பிறகு உன் கொத்திலிருந்து கடைச் சாவியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாய். போடி, போ என்று இருந்தேன்.

வினாத்தாள் பள்ளிக்கூடத்து உள்ளேயிருந்தே யாரோ ஒருவருடைய செல்போன் வழியாகப் போயிருக்கிறது என்று பத்து நாளில் தெரிந்துவிட்டது. அப்போதாவது மானாம்பதிக்கு, உன் வீட்டுக்கு, ஓடி வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. தாள் எப்படியோ போகட்டும், திங்கட்கிழமை நீ அதைத் தொட்டாயா இல்லையா என்று என் வறட்டுக் கௌரவம் அந்த ஒன்று பத்தையே பிடித்துக்கொண்டு தொங்கியது. ஒரு தடவை பஸ்ஸில் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாய். நான் டிக்கெட்டைத் தேடுகிற மாதிரி பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அடுத்த மழைக்காலத்தில் உனக்கு டெங்கு என்றார்கள். நாலாம் நாள் நீயே இல்லை என்றார்கள். உன் தெருமுனை வரைக்கும் வந்தேன். மேளச் சத்தம் கேட்டது. உன் அக்கா முகத்தில் விழிக்கத் தைரியமில்லாமல், மாலையை யாரோ ஒரு பையனிடம் கொடுத்தனுப்பிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

இன்றைக்குத்தான் அந்த ஃபோல்டரை முழுசாகப் பார்த்தேன். நீ சொன்ன மூன்று நேரத்தையும் காட்டு என்று கேட்டேன். கணக்குத் தாளில் எழுத்து மாறிய நேரம் வெள்ளிக்கிழமை ஐந்து நாற்பது. நாம் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டே முடித்தோமே, அப்போது. மேலால மாறிய நேரம்தான் திங்கட்கிழமை ஒன்று பத்து. தமிழ், ஆங்கிலம், அறிவியல், ஆறாவதிலிருந்து பத்தாவது வரை, ஒன்று பாக்கியில்லாமல் எல்லாத் தாளுக்கும் அதே ஒன்று பத்து. அத்தனையையும் ஒரே நிமிஷத்தில் யாரால் தொட முடியும்? பூட்டுப் போட்டவளால்தான் முடியும். அது நான். பூட்டினேனே தவிர உள்ளே கையா விட்டேன் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். பூட்டுக்கும் ஒரு நேரம் விழும் என்று நீ அன்றைக்கே சொன்னாய். சொன்னவளைத் திருடி மாதிரி நிற்க வைத்தேனே, பாவி.

நாளைக் காலை மானாம்பதிக்குப் போய் உன் அக்காவிடமும் அவள் மகளிடமும் சொல்லிவிடுவேன். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். உன்னிடம் சொல்லத்தான் வழியில்லை.

"யக்கா, குடுக்கிறியா இல்லியா? வெயிலு ஏறிக்கினு கீது" என்று வாசலில் குரல். இல்லையப்பா, நீ போ என்று அனுப்பிவிட்டேன்.

காரணம், 'நாள்' ஃபைல் இதில் அப்படியே இருக்கிறது. உன் மேல் இருந்த வீம்பில் நான் அதைத் தொடவே இல்லை. வெளியிலிருந்து நேரத்தை மட்டும் கேட்டுப் பார்த்தேன். கடைசியாகத் திறந்து படித்தது அந்தச் செவ்வாய்க்கிழமை, ஐந்து இருபது. அந்தப் பெரியவருக்காக நீ திறந்த நேரம். உள்ளே உன் எழுத்தைப் படிக்க வேண்டும் என்று கை பரபரக்கிறது. ஆனால் நான் திறந்த உடனே அந்த ஐந்து இருபது அழிந்து என் நேரம் விழுந்துவிடும். என் கை பட்ட நேரத்தை ஒரு தடவை உன் தலையில் கட்டினேன். இது ஒன்றாவது உன் நேரமாகவே இருக்கட்டும்மே. நான் திறக்க மாட்டேன்.