வெள்ளிக்கிழமை காட்சிக்கு முன்னால்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா, தம்பி, நான் மூவரும் உடம்பளவில் சுகம். நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், நம்பாமல் என்ன செய்ய, நாலு நாளாக நீ போனையே எடுக்கவில்லை. படப்பிடிப்பில் எல்லார் போனையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்களாம், உடை தைக்கிற உன் தோழி சொன்னாள். இன்று மாலை ரயிலில் அவள் அங்கே திரும்புகிறாள், அவள் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தம்பி தன் போன் ரிப்பேர் கடைச் சுவரில் உன் கடிகார விளம்பரத்தை ஒட்டிவைத்து, எங்க அக்கா இத்தனை நாள் மேடையில நடந்துதான் காட்டினா, இனிமே சினிமாவுல பேசவும் போறா என்று வருகிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருக்கிறான்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை உன் டைரக்டர் எனக்குப் போன் செய்தார். தேனாகப் பேசினார். ஏழு வருஷம் பேஷன் ஷோவில் முகத்தை அசைக்காமல் நடந்து பழகியவள், கேமரா முன்னாலும் அப்படியே நிற்கிறாள் என்றார். வெள்ளிக்கிழமை அழுகிற சீன் சார், சரியா வரலைன்னா வேற பொண்ணத்தான் போடணும், சின்ன வயசுல அவ எதுக்கு அழுதான்னு சொல்லுங்க என்று கேட்டார். வேஷம் கை நழுவிவிடுமோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் உளறிக்கொட்டிவிட்டேன். தம்பி மொட்டைமாடியிலிருந்து விழுந்ததை, அவன் கால் ஊனமானதை, நீ மாடிக்கதவுக்குத் தாழ்ப்பாள் போடாததால்தான் விழுந்தான் என்று உள்ளுக்குள் வைத்துப் புழுங்குவதை, இன்றைக்கும் எந்தக் கதவையும் மூன்று தடவை தொட்டுப் பார்ப்பதை. இது போதும் சார் என்று வைத்துவிட்டார். இப்போது செட்டில் தாழ்ப்பாள் வைத்த கதவு ஒன்று மாட்டச் சொல்லியிருக்கிறாராம். அதையும் உன் தோழிதான் சொன்னாள். வெள்ளிக்கிழமை அவர் உன் காதருகே வந்து, உன்னாலதான் தம்பி விழுந்தான் என்பார், அதற்கு முன் நீ இதைப் படித்துவிட வேண்டும்.

அன்று துணி எடுத்துக்கொண்டு இறங்கியபோது நீ தாழ்ப்பாள் போட்டாய். எட்டு வயதுப் பிள்ளை, எக்கி நின்று போட்டதை நான் பார்த்தேன். அதன்பிறகு சிகரெட் பிடிக்க மேலே போனவன் நான். திறந்துபோட்டு வந்தவனும் நான்தான். ஆஸ்பத்திரியில் நீ, நான்தான்பா மறந்துட்டேன் என்று தேம்பியபோது உன் தலையைத் தடவிக்கொண்டு வாயை மூடியிருந்தேன். பதினெட்டு வருஷமாக மூடியே இருந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது மகளே. நேற்று வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா அதிலிருந்து என்னோடு பேசவில்லை. தம்பி தன் காலைப் பார்த்துவிட்டு, முதல்ல அக்காவுக்கு எழுதுங்கப்பா என்றான்.

அழுகை வராவிட்டால் வேஷம் போனால் போகட்டும். என்மேல் கோபம் வந்தால் நேரில் வந்து திட்டு, கேட்டுக்கொள்கிறேன். நீ எங்கே நின்றாலும் தலைநிமிர்ந்து நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசீர்வாதம். மறக்காமல் ஒன்று செய், இதைப் படித்த இரவு படுக்கப் போகும்போது அறைக் கதவை ஒரே தடவை சாத்திவிட்டுத் தூங்கு.

இப்படிக்கு,
உன் அப்பா