டாக்டர் வரும் எட்டு நிமிடம்

சனி, 8

காலையிலிருந்து தூறல். கட்டுகஸ்தோட்டை மண்டபத்தில் என் படத்தின் முதல் திரையிடல். கதிரை நாற்பது, ஆட்கள் முப்பத்திரண்டு. போதும்.

மடுல்கெல்லயில் பூட்டிக் கிடந்த தேயிலைத் தோட்டப் பங்களா, ஒரு கமரா, பதினொரு சனிக்கிழமை. எடுத்தது அவ்வளவில்தான். கதையும் சின்னது. மாடியில் கணவன் நடக்கும் சத்தம் ஒருத்திக்குக் கேட்கிறது. தினமும் சோறு கொண்டுபோகிறாள். வேறு யாரும் அவனைக் கண்டதில்லை.

எண்பது நிமிடம் ஒருவரும் அசையவில்லை. போனை எடுக்கவில்லை. பிறகு, கடைசி எட்டு நிமிடத்துக்கு, டாக்டர் வந்தார். "உங்கள் கணவர் இறந்து மூன்று வருடமாகிறது. எல்லாம் மனப்பிரமை." பின்வரிசையில் சிரிப்பு. ஓர் அம்மா மகளிடம், "இதச் சொல்லவா இவ்வளவு நேரம்?"

கை தட்டினார்கள். மரியாதைக்கு.

படம் நல்ல படம். முடிவு மோசம். இரண்டும் உண்மை.

ஞாயிறு, 9

துவைத்த துணி காயவில்லை. பிள்ளைகளின் கொப்பித் திருத்தம் பாதியில். கதாநாயகியாக நடித்த வாசுகி அக்கா போனில் கூப்பிட்டார். ஊர் யாழ்ப்பாணம், இங்கே வங்கியில் வேலை.

"சுமதி, கோவிக்காதையும். அவளுக்கு டொக்டர் வந்து சொல்லத் தேவையில்லை. அவளுக்கு முதலே தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சோறு கொண்டுபோறா?"

"அப்பா காணாமல்போன பிறகு அம்மா மூண்டு வருசம் அவருக்குச் சோறு போட்டு வச்சவ. அவவுக்கு விசர் ஒண்டும் பிடிக்கேல்லை."

போனை வைத்த பிறகு ஒரு பக்கத்தில் புது முடிவு எழுதினேன். வசனம் இல்லை. எழுதியதில் ஒரு சொல்லும் மாற்றப்போவதில்லை.

புதன், 12

பாடசாலை விட்டு வத்தேகம பஸ். டாக்டராக நடித்த மாணிக்கம் ஐயா வீடு. தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், பங்களாச் சாவி அவரிடம்தான். படமெடுக்க வீடு தந்தாரே என்று வேடம் கொடுத்தேன். இப்போது அதை வெட்ட வேண்டும். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"ஊரெல்லாம் சொல்லிட்டேனே சுமதி. என் நடிப்பு சரியில்லையா?"

"நீங்க நல்லாத்தான் பண்ணுனீங்க ஐயா. பாக்கிறவங்களுக்கு வெளங்காதோன்னு பயந்து நான்தான் அந்த டாக்டரை எழுதிட்டேன். தப்பு என்னோடது."

எழுந்து உள்ளே போனார். தேநீர் ஆறிவிட்டது. திரும்பி வந்து சாவியை மேசையில் வைத்தார். "சனிக்கிழமை நான் வரல."

வரும் வழியெல்லாம் மனசு கனம். முடிவில் சந்தேகமில்லை.

சனி, 15

நல்ல வெயில். பங்களாவில் புது முடிவு எடுத்தோம். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி.

வாசுகி அக்கா தட்டோடு மாடி ஏறினார். கணவனின் கதிரைக்கு முன்னால் நின்றார். பிறகு அதிலேயே உட்கார்ந்து, அந்தச் சோற்றைப் பிசைந்து தானே சாப்பிட்டார். கடைசிப் பருக்கை வரை. ஒரே டேக்.

கமராவில் றிஸ்வான், திகன ஊர்க்காரர், கல்யாண வீடியோ எடுப்பவர். நிறுத்த மறந்துவிட்டார். "டீச்சர், இது போதும்," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சனி, 22

அதே மண்டபம், இருபத்தாறு பேர். மாணிக்கம் ஐயாவும் வந்திருந்தார், கோட் போட்டு. முன்வரிசை. என்னைப் பார்க்கவில்லை.

படம் முடிந்து விளக்குப் போட்டும் யாரும் எழவில்லை. முதலில் எழுந்தவர் அவர்தான். என்னைத் தாண்டி நேரே வாசுகி அக்காவிடம் போனார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் சொகமா இருக்காரா?"

"ஓம் ஐயா. வெளியில காரில நிக்கிறார்."

அவர் நம்பவில்லை. வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.