ஸ்டீபன் முந்திக்கொண்டான்

கோலியர்ஸ் வுட்,
9 மார்ச் 2025

அன்புள்ள மலர் அக்கா,

உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு வழக்கமான இருமல்தான். குடும்ப வட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டீர்கள். போனில் கோல் எடுத்தாலும் வெட்டுகிறீர்கள். தபால்காரனை மறிக்க உங்களால் ஏலாது என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் செய்த குற்றம் என்ன? இங்குள்ள தமிழ் மாத இதழில் இங்கிலாந்து அரச குடும்பத்தின் வரலாற்றைத் தொடராக எழுதுகிறேன். பேராதனையில் வரலாறு படித்துவிட்டு பெற்றோல் செட்டில் காசு வாங்கிப் போடுகிறவனுக்கு அந்த இரண்டு பக்கம்தான் மிச்சம். இந்த மாதம் முதலாம் ஹென்றியின் முறை. பட்டம் மகள் மட்டில்டாவுக்குத்தான் என்று பிரபுக்களிடம் சத்தியம் வாங்கியிருந்த அரசர், கடலுக்கு அப்பால் நோர்மண்டியில் இறந்தார். மகள் தூரத்தில் இருந்தாள். சத்தியம் செய்தவர்களில் ஒருவனான ஸ்டீபன், அரசரின் சகோதரி மகன், லண்டனுக்கு ஓடிவந்தான். மாமனின் உடல் மண்ணுக்குப் போகுமுன் முடியைச் சூடிக்கொண்டான்.

இது பள்ளிக்கூடப் புத்தகத்தில் உள்ள சங்கதி. இதில் சபாரத்தினம் அத்தானின் பெயர் எந்த வரியில் இருக்கிறது?

உங்கள் தம்பி,
வாமதேவன்

*

ஹரோ,
17 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

இருமலுக்கு மல்லி அவித்துக் குடி. கடைச் சாப்பாட்டைக் குறை.

பெயர் இல்லைத்தான். ஆனால் சனிக்கிழமை தமிழ் வகுப்பு வாசலில் மூன்று பேர் அத்தானைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். ஒருவர், “சபா அண்ணை, மணிமுடி பாரமோ?” என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

அப்பா கொழும்பில் இறந்தபோது உன் அகதி வழக்கு முடியவில்லை. உன்னிடம் பாஸ்போர்ட் இல்லை. நான் தாரகாவை வயிற்றில் வைத்திருந்தேன். இவரிடம் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருந்தது. இவர் போகாவிட்டால் யார் கொள்ளி வைத்திருப்பார்கள்? இருபத்தேழு வருடமாக இதையே எத்தனை தரம் சொல்வது?

தாரகாவின் கல்யாணம் ஜூன் எட்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. மணவறைக்கு அவளைக் கைபிடித்துக் கூட்டிவர வேண்டியது தாய்மாமன். எனக்கு இருப்பது ஒரே தம்பி. “மாமா வராட்டில் நான் தனிய நடந்து வருவன்” என்று அவள் சொல்லிக்கொண்டு திரிகிறாள். வா ராசா.

அன்புடன்,
அக்கா

*

கோலியர்ஸ் வுட்,
26 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

மல்லி அவித்தேன். பலன் இல்லை.

அத்தான் போனது பிழை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. போகுமுன் என்னிடம் ஒரு சொல் கேட்டாரா? “மச்சான், உனக்குப் பதிலாகப் போறன்” என்று ஒரு கோல்? இல்லை. பிறகு செத்தவீட்டு வீடியோ கசெட் வந்தது. ஐந்து பேரோடு இருந்த அறையில், மற்றவர்கள் வேலைக்குப் போகும்வரை காத்திருந்து போட்டுப் பார்த்தேன். தோளில் குடம், இடுப்பில் வெள்ளை வேட்டி, பக்கத்தில் ஐயர் சொல்லச் சொல்ல அவர் சுற்றி வருகிறார். கமராக்காரன் என் அப்பாவின் முகத்தை விட அத்தானின் முகத்தைத்தான் அதிகம் எடுத்திருந்தான். திரும்பி வந்த பிறகு ஒவ்வொரு கொண்டாட்டத்திலும், “மாமாவுக்கு நான்தான் மகன்” என்று சொன்னார். நான் அதே மண்டபத்தில் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு வருகிறேன். இரண்டு விடயம். எங்கள் வழக்கப்படி அவர் வெற்றிலைத் தட்டத்தோடு என் வீட்டுக்கு வந்து நேரில் சொல்ல வேண்டும். போனில் கல்யாணக் காட் அனுப்பினால் வரமாட்டேன். அதோடு, அப்பாவுக்குக் கொள்ளி வைக்கிற உரிமை என்னுடையது என்று தன் வாயால் சொல்ல வேண்டும்.

தாரகாவுக்கு என் அன்பு.

வாமதேவன்

*

ஹரோ,
14 ஏப்ரல் 2025

தம்பி,

புதுவருடம் உனக்கு நல்லதாக இருக்கட்டும்.

உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கடிதத்தை வாங்கித் தானும் ஒருதரம் வாசித்தார். பிறகு, “கேக்காமல் போனது பிழைதான். அந்த நேரம் எனக்கு யோசினை ஓடேல்ல” என்றார். இதை அவர் சொல்லி நானே முன்பு கேட்டதில்லை.

வருகிற ஞாயிறு பின்னேரம் தாரகாவோடு மூன்று பேரும் வருகிறோம். வரலாறு ஒன்றும் கதைக்காதே. தேத்தண்ணி மட்டும் கொடு. சீனி போடாதே, அவருக்கு நீரிழிவு.

அக்கா

*

ஹரோ,
28 ஏப்ரல் 2025

வாமதேவனுக்கு,

ஒரு கிழமையாக எழுதாமல் இருந்தேன். கோபத்தில் எழுதக்கூடாது என்று பார்த்தேன். கோபம் போகவில்லை.

அவர் தட்டத்தை உன் கையில் தந்தார். நீ இருக்கச் சொல்லவில்லை, அதனால் நின்றபடியே சொன்னார். “தம்பி, கொள்ளி வைக்கிற உரிமை உன்ர. உன்னைக் கேட்டிருக்க வேணும். மன்னிச்சுக்கொள்.” அறுபத்தாறு வயது மனிதர், மகளுக்கு முன்னால். நீ சோபாவில் சாய்ந்துகொண்டு, “விளங்கேல்ல. சத்தமாச் சொல்லுங்கோ” என்றாய்.

இரண்டாம் தரமும் சொன்னார். அதற்கும் நீ, “கசெட்டில நல்ல சத்தமா அழுதனீங்கள்” என்றாய். தாரகா எழும்பிப் போய்க் காரில் இருந்துவிட்டாள்.

திரும்பி வரும்போது அவர், “பாவம் மலர், அவனுக்கு வேற ஆர் இருக்கினம்” என்றார். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

உன் மட்டில்டாவுக்குப் பிறகு என்ன நடந்தது என்று தாரகாவிடம் தேடி வாசிக்கச் சொன்னேன். ஸ்டீபனைப் பிடித்துச் சிறையில் வைத்தாளாம். லண்டன் அவள் கைக்கு வந்ததாம். கும்பிட வந்த பெரியவர்களுக்கு எழுந்துகூட நிற்காமல் பேசினாளாம். முடிசூட்டுமுன், சாப்பிட இருந்த நேரத்தில், லண்டன் சனம் அவளைத் துரத்திவிட்டதாம். இதை ஏன் நீ எழுதவில்லை?

சவுத்தாலில் இருக்கும் பெரியம்மாவின் மகன் சுபாஸ்கரனும் முறைக்குத் தாய்மாமன்தான். அவனிடம் சொல்லிவிட்டோம். தாரகாவும் சம்மதித்துவிட்டாள். நீ வர வேண்டாம்.

செல்வமலர்

*

கோலியர்ஸ் வுட்,
5 மே 2025

அன்புள்ள அக்கா,

மட்டில்டா எழுந்து நிற்கவில்லை என்று எழுதிவைத்தவன் ஸ்டீபனின் ஆள். அப்படியானவர்கள் எழுதியதை அப்படியே நம்பக்கூடாது. அது அடுத்த பகுதியில் வரத்தான் இருந்தது.

சுபாஸ்கரனா? அவன் தாரகாவைத் தூக்கியாவது இருக்கிறானா? வெம்பிளியில் அவளுக்கு முதல் சப்பாத்து வாங்கிக் கொடுத்தவன் நான்.

தேத்தண்ணி கொடுத்தேன், சீனி போடாமல். அதை நீங்கள் எழுதவில்லை.

வாமதேவன்

*

கோலியர்ஸ் வுட்,
5 ஜூன் 2025, வியாழன்

அன்புள்ள அக்கா,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபால் பிந்துகிறது என்று வைத்துக்கொள்கிறேன். இதை முதல்தர முத்திரை ஒட்டி அனுப்புகிறேன். சனிக்குள் கிடைத்துவிடும்.

நீங்கள் எழுதியது எல்லாம் நடந்ததுதான். ஆனால் உங்களுக்கு ஒன்று விளங்கவில்லை. அத்தான் முதல் தரம் சொன்னபோதே எனக்கு நன்றாகக் கேட்டது. அந்தச் சொல்லுக்காக இருபத்தேழு வருடம் இருந்திருக்கிறேன். ஒரு தரம் கேட்டது போதவில்லை. இன்னொரு தரம் கேட்க ஆசைப்பட்டேன். அதற்குப் பிறகு கசெட்டைப் பற்றி நான் சொன்னது ஏன் வந்தது என்று எனக்கே தெரியாது. அதற்காக என்னை இப்படி ஒதுக்குவது நியாயமில்லை. இதை நான் மறக்கப் போவதில்லை.

சுபாஸ்கரனே கூட்டி வரட்டும். நான் பின் வரிசையில் இருப்பேன். அத்தானோடு ஒரு சொல் கதைக்கமாட்டேன், நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. ஞாயிறு ஷிப்டை என்னோடு வேலை செய்யும் மெலனியிடம் மாற்றிவிட்டேன். வேட்டியும் சால்வையும் டூட்டிங்கில் வாங்கி மடிப்பு விழ மினுக்கி வைத்திருக்கிறேன்.

அன்று தட்டத்தில் வைத்த கல்யாணக் காட்டைத் தாரகா போகும்போது எடுத்துக்கொண்டு போய்விட்டாள். குழுவிலும் நான் இல்லை. ஊர்ச் சனத்திடம் கேட்க எனக்கு ஏலாது.

எந்த மண்டபம், எத்தனை மணி என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
வாமதேவன்