'வந்தான்' என்றார் அப்பா

அச்சங்குளம்,
நவம்பர், ஞாயிறு மாலை.

என் செல்ல மகன் பெனிட்டோவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். கோயம்புத்தூரில் குளிர் ஆரம்பித்திருக்கும். பம்பு கம்பெனியில் இப்போது நைட் ஷிப்ட் என்றாயே, நேரத்துக்குச் சாப்பிடு.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு இப்போது நெஞ்சுவலி இல்லை. காலையில் ஊருணி வரை நடக்கிறார். குழம்பில் உப்பைக் குறைத்ததற்கு என்மேல்தான் கோபம். தீபாவளி முடிந்து பட்டாசு கம்பெனிகள் இன்னும் திறக்கவில்லை. ஆள் ஏற்ற வரும் வேன் சத்தம் இல்லாமல் ஊர் அமைதியாக இருக்கிறது. பக்கத்து வீட்டு முத்துமாரிக்கும் வேலை இல்லை.

அப்பா மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ வந்தாய். உள்ளே வந்தால் அவருக்குப் படபடப்பு கூடுமோ என்று பயந்து, வராந்தா பெஞ்சிலேயே இருந்துவிட்டுப் போனாய். அவருக்குத் தெரியாது என்றுதானே நினைத்தாய்? தெரியும். நீ கிளம்பிய அன்று ஊசி போட வந்த சிஸ்டர், "வெளிய இருந்தது உங்க மகன்தானே? மூக்கு, நெத்தி எல்லாம் அப்படியே நீங்கதான் சார்" என்றாள். அவளுக்கு நம் வீட்டுக் கதை எதுவும் தெரியாது. அப்பா அன்று முழுக்கக் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கவில்லை.

உன்னை மகளாகத் தூக்கி வளர்த்தவர். தமிழ் வாத்தியாராக இருந்தவர். 'வந்தாள்' என்றால் நீ வருத்தப்படுவாய், 'வந்தான்' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இத்தனை வருடமாக, "பிள்ளை சாப்பிட்டுச்சா, பிள்ளைக்குச் சம்பளம் வந்துச்சா" என்று என்னிடம் கேட்டே காலத்தை ஓட்டினார். நீ மீசையோடு வந்து நின்ற நாளிலிருந்து உன்னிடம் நேரே ஒரு வார்த்தை பேசவில்லை.

போன ஞாயிறு ஆராதனையில், சாட்சி சொல்ல யாராவது உண்டா என்று போதகர் கேட்டார். அப்பா எழுந்தார். சுகம் கிடைத்ததற்கு நன்றி சொன்னார். உட்காருவார் என்று பார்த்தேன். உட்காரவில்லை. "என் மகன் பெனிட்டோ கோயம்புத்தூர்ல இருந்து வந்தான். நான் கூப்பிடல. ஆனாலும் வந்தான். ராத்திரி பகலா வெளிய பெஞ்சுலயே கிடந்தான். அவனுக்காகவும் ஸ்தோத்திரம்" என்றார்.

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். போதகர் மட்டும் ஆமென் என்றார்.

வெளியே வந்ததும் கமிட்டிக்காரர் ஒருவர், "வாத்தியாரே, இதையெல்லாம் சபையில சொல்லணுமாக்கும்?" என்று கேட்டார். "எனக்கு இருக்கது ஒரே மகன். வேற யாரைச் சொல்ல?" என்றார் அப்பா.

இன்று வேதபாடம் வாசிக்க அவரைக் கூப்பிடவில்லை. நீ பிறக்கும் முன்பிருந்தே அவர்தான் வாசிப்பார். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். வருத்தம்தான், உன்னிடம் எதற்கு மறைக்க? அடுத்த வாரம் கோயிலுக்குப் போவோமா என்று கேட்டேன். "போகாம? பாட்டுப் பாட யாரு லைசென்சு கேக்கா?" என்றார்.

முத்துமாரி நேற்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "யக்கா, தம்பி கிறிஸ்துமஸுக்கு வருவாகல்ல?" என்று கேட்டாள். தம்பி என்றாள், அவ்வளவு சாதாரணமாக. அவளுக்கு ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்தேன்.

இன்னொன்று. வியாழக்கிழமை அப்பா என்னிடம் சொல்லாமல் சாத்தூருக்கு பஸ் ஏறிப் போய், ஒரே நீலத்தில் இரண்டு சட்டைத் துணி எடுத்திருக்கிறார். டெய்லர் கனகசபாபதி அண்ணன் உன் அளவைக் கேட்டாராம். "என் அளவே வையிங்க" என்றவர், கொஞ்சம் யோசித்து, "இல்ல, அவனுக்குத் தோள் என்னைவிட அகலம்" என்றாராம். சிஸ்டர் சொல்லும் முன்பே வார்டு கதவுக் கண்ணாடி வழியாக உன்னை எத்தனை தரம் பார்த்தாரோ, எனக்குத் தெரியாது. ஆள் வராமல் கத்திரி வைக்க மாட்டேன் என்று டெய்லர் உன் துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மடிப்புக் கலையாமல் பீரோவில் இருக்கிறது.

அப்பா உன்னைக் கூப்பிட மாட்டார். அவருக்குக் கூப்பிடத் தெரியாது. நான் கூப்பிடுகிறேன். அளவை எழுதி அனுப்பாதே ராசா, நீயே வா. வழி முழுக்கக் கர்த்தர் உன் பக்கத்தில் உட்கார்ந்து வரட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
ஜெயக்கொடி