ஒற்றனின் ஆறிய தட்டு

செல்ட்னம், இங்கிலாந்து, 7 மார்ச் 1979, புதன்

வாசிப்பு வட்டத்தில் ஆறு பேர். மூவர் புத்தகத்தை முடிக்காமலே கருத்துச் சொன்னார்கள். கதாநாயகன் விஷயத்தில் மட்டும் ஒரே குரல். கசங்கிய மழைக்கோட்டு ஒற்றன். நாட்டுக்காக எதை இழந்தான் என்று யாரிடமும் சொல்ல முடியாதவன். மனைவிகூட முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"இப்படி ஒருத்தர் எனக்கு வாய்ச்சிருந்தா உள்ளங்கையில வச்சுத் தாங்கியிருப்பேன்" என்றாள் பக்கத்து வீட்டு மியூரியல்.

"உன் ஜார்ஜ் காதுல விழுந்தா, விட்டது தொல்லைன்னு ஓடிடுவார்" என்றேன். பிறகு, "ஒரு கிண்ணம் சூப்பையாவது அவன் மனைவி சூடு பண்ணிக் கொடுத்திருக்கலாம், மனசே இல்லாதவள்" என்றும் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

இருபத்தொன்றாம் தேதி அவனைப் பற்றி நான் பேச வேண்டுமாம். என்னைவிட யார் நன்றாகப் பேசிவிடுவார்கள்?

9 மார்ச்

பேச்சை எழுதி முடித்தேன், நான்கு பக்கம். தலைப்பு, 'மௌனத்தின் கண்ணியம்'. ஓர் அடித்தல்கூட இல்லை.

12 மார்ச், திங்கள்

என் கணவர் லெனர்ட் இறந்து இரண்டு மாதம். அவர் அலுவலகத்திலிருந்து டெபட் என்பவர் வந்தார். அங்கே வேலை பார்த்தவர் இறந்தால், காகிதம் ஏதும் வீட்டில் தங்கியிருக்கிறதா என்று பார்ப்பது வழக்கமாம். மேசை இழுப்பறையில் இரண்டு பென்சிலும் பெப்பர்மின்ட் பொட்டலமும்தான்.

"காகிதத்துல குண்டூசி குத்துற வேலைக்கு இவ்வளவு சோதனையா?" விருந்துகளில் லெனர்டை வைத்துக்கொண்டே நான் சொல்லும் வேடிக்கை அது. டெபட் சிரிக்கவில்லை.

"என்ன வேலைன்னு சொல்ல அனுமதி இல்ல, மேடம். அவர் இல்லேன்னா சில பேர் உயிரோட திரும்பியிருக்க மாட்டாங்க."

வாசலில் தொப்பியை மாட்டியபடி, "கேன்டீன்ல ஒரு நாளும் சாப்பிட மாட்டார். எவ்வளவு நேரமானாலும், 'என் மனைவி சாப்பாட்டைச் சூடா வச்சிக்கிட்டுக் காத்திருப்பா'ம்பார். எங்களுக்கெல்லாம் பொறாமை" என்றார்.

நன்றி சொன்னேன். கதவைச் சாத்தினேன்.

13 மார்ச்

நான் படித்த கான்வென்ட்டில் சாப்பாட்டு மணிக்குப் பின் வந்தவளுக்குச் சூடான உணவு கிடையாது. அதையே இந்த வீட்டிலும் சட்டமாக்கினேன். ஏழு தாண்டினால் ஆறிய ஆட்டுக்கறி, மேலே கவிழ்த்த தட்டு. அடுப்பைத் தொடக் கூடாது. முப்பது வருடம். கோட்டைக் கழற்றாமல் நின்றபடியே சாப்பிடுவார். எங்கே போனீர்கள் என்றால், "வேலை, கான்னி." அவ்வளவுதான்.

நான் மாடியில் — எழுதத்தான் வேண்டும் — ஏதாவதொரு புத்தக ஒற்றனுக்காக அழுதுகொண்டிருப்பேன். கீழே முள்கரண்டிச் சத்தம் கேட்டால் எரிச்சலாக வரும். என்ன பொம்பளை நான்!

17 மார்ச்

சர்ச்சில் பாவசங்கீர்த்தனம்; செய்ததை அறிக்கையிட்டேன். "ஆறின சாப்பாடு போட்டது அவ்வளவு பெரிய பாவமில்லம்மா" என்றார் ஃபாதர் கியோ. பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம். இவ்வளவு மலிவாகவா?

21 மார்ச், புதன்

நான்கு பக்கத்தையும் பையிலேயே விட்டேன். புத்தகத்தில் இருப்பவன் வாய் திறக்காவிட்டாலும் அவன் மனதை ஆசிரியர் நமக்குச் சொல்லிவிடுகிறார், அதனால் அவனை நேசிப்பது சுலபம் என்றேன். லெனர்டுக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. பிறகு தட்டைப் பற்றிச் சொன்னேன். கேன்டீனில் அவர் சொன்னதையும்.

மியூரியல் எழுந்தாள்.

"உட்காரு கான்ஸ்டன்ஸ். டீ ஆறிப்போச்சு, சூடா வேற ஊத்தறேன்."

"வேண்டாம். இதையே குடிக்கிறேன்."

நின்றபடியே குடித்து முடித்தேன்.