உன் மெயில் பெட்டியை மாற்றிய நாள்

பல மாதமாக அணைந்தே கிடந்த உன் கம்ப்யூட்டரை இன்று காலை போட்டார்கள். சூடேறியதும் தூசி கருகும் வாசனை ஆபீஸ் முழுக்கப் பரவியது. நான் என் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். உன் மேசைப் பக்கம் போக எனக்கு இன்னும் கால் வரவில்லை.

நம் பத்திரிகையின் மெயில் எல்லாவற்றையும் புது சர்வருக்கு மாற்றுகிறார்கள். மழை வந்தால் பழைய சர்வர் படுத்துவிடுகிறது என்று முதலாளியிடம் எவ்வளவு சண்டை போட்டாய். இப்போதுதான் அவருக்குக் காது கேட்டிருக்கிறது.

மாற்ற வந்தவர் அரியாங்குப்பத்துக்காரர். உன் பெயர் வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மேடம், இவங்க தவறிட்டாங்களாமே. இருக்கறவங்களுது மட்டும் மாத்தினா போதும்னு ஓனர் சொல்லிட்டாரு. இத வுட்டுடட்டுமா?"

"வுட்டா இன்னா ஆவும்?"

"சாயங்காலம் பழச நிறுத்திடுவோம். உள்ள கீறது எல்லாம் போயிடும்."

செய்திக்கென்று பொது முகவரி இருந்தும் நம் கிராமத்து நிருபர்கள் அதைத் தொட்டதில்லை. காட்டேரிக்குப்பமோ பனித்திட்டோ, எல்லாம் உன் பெட்டிக்குத்தான் வரும். நீதான் செய்தியைப் படிக்கும் முன்பே 'வந்துச்சுபா' என்று பதில் போடுவாய். நான் கிண்டல் செய்தால், "படிக்கறது அப்புறம்டி. போய்ச் சேந்துச்சானு தெரியாம அந்த ஆளு சோறு துன்ன மாட்டான்" என்பாய்.

"என் மெயிலுக்கு மட்டும் பதிலே வராதா?"

"எதிர்லயே குந்தினு இருக்க. உனக்கு இன்னாடி பதிலு?"

நீ போன அன்று பனித்திட்டு நிருபர் எனக்குப் போன் செய்தார். "அக்கா, அவங்க தவறின செய்திய எழுதி அப்பவே அனுப்சிட்டேன். வந்துச்சானு பதிலே வரல..." பாதியில் நின்றுவிட்டார். எந்த முகவரிக்கு அனுப்பினோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. அதன் பிறகு அழுகை மட்டும் கேட்டது. நான் எழுதியது அச்சேறியது. அவர் எழுதியது உன் பெட்டியிலேயே தங்கிவிட்டது.

முதலாளியைப் போனில் கூப்பிட்டேன்.

"இல்லாதவங்களுக்கு எதுக்கும்மா பெட்டி?"

"அவளுக்கு இல்ல சார். அவளுக்கு எழுதறவங்களுக்கு."

"சரி, மாத்தச் சொல்லு. இனிமே அத நீதான் பாத்துக்கணும்" என்றார்.

மதியத்துக்கு மேல் உன் பெட்டி புது சர்வரில் திறந்தது. விளம்பரங்களுக்குக் கீழே அந்த மெயில், யாரும் படிக்கவில்லை என்று காட்டும் தடித்த எழுத்தில் கிடந்தது. திறந்தேன்.

எந்தச் செய்தியையும் பெயர், வயது, ஊர் என்று தொடங்குகிறவர் அவர். இதில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'நம்ம அக்கா' என்று எழுதியிருந்தார். நீயாக இருந்தால் முதலில் அதைத்தான் அடித்துத் திருத்தியிருப்பாய். உன் வீடு பாகூரில் எந்தத் தெரு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எல்லாம் பிசகில்லாமல் இருந்தது. முடிவில், ஒவ்வொரு செய்தியிலும் அவர் போடும் அதே வரி: "கிடைத்ததும் சொல்லுங்க அக்கா."

பதில் எழுதப் போனேன். உன் பெயரில் அனுப்பக் கை எழவில்லை. என் பெயரில் அனுப்பலாம்தான், ஆனால் அவர் கேட்டது என்னை இல்லையே.

மூடிவிட்டேன். நீ போனதிலிருந்து என் முகவரிக்கு அனுப்பிவந்த நிருபர்களிடம், உன் பெட்டியை இனி நான் பார்ப்பேன் என்று சொன்னேன். சாயங்காலத்துக்குள் உன் முகவரிக்குக் காட்டேரிக்குப்பத்திலிருந்து கரும்பு வெட்டுச் செய்தி வந்தது. அதற்கு உடனே பதில் போட்டேன். நாளைக்கு வருவதற்கும் போடுவேன். அந்த ஒன்றுக்கு மட்டும் என்னால் முடியாதுடி.