மரக்காணத்து வெளிநாட்டுக்காரி

9.6.2005, வியாழன்
இன்றும் விசாரணைக்காரர் வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். பக்கத்து வீட்டு ஆராயி சொன்னாள். நானும் இவரும் உப்பளத்தில் இருந்தோம்.

குடியுரிமைக்கு மனுப் போட்டு நான்கு வருடம். மலேசியாவில் பிறந்தேன், பவுல்ராஜைக் கட்டிக்கொண்டு மரக்காணம் வந்தேன். முழங்கால் வரை உப்புச்சேறு, தலையில் கூடை. அரசாங்கக் கணக்கில் நான் வெளிநாட்டுப் பெண்மணி! கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

10.6.2005
இன்று சிரிப்பு வரவில்லை. இங்கே தங்க வருடா வருடம் அனுமதி வாங்க வேண்டும். ஒரு வருடம் முடியாது என்றுவிட்டால்? பிள்ளைகள் இந்தியர்கள். நான் மட்டும் கப்பல் ஏறணுமா?

13.6.2005, திங்கள்
கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள். துணைக்குக் கூனிமேடு மெஹருன்னிசா. அவளும் மலேசியாவில் பிறந்தவள், எனக்கு முன்பே மனுப் போட்டவள். பேச வேண்டியதை பஸ்ஸில் ஒப்பித்துக்கொண்டே போனேன். கலெக்டரம்மா முன்னால் நின்றதும் எல்லாம் மறந்துபோச்சு.

"வீட்டுக்கு வந்தா நீங்க இருக்கிறதில்லையாமே?"

"பகல்ல வந்தா எப்படிம்மா இருப்போம்? உப்பளத்துக்கு வரச் சொல்லுங்க!"

கத்திவிட்டேன். நான்தான் கலெக்டர் போல. மெஹருன்னிசா என் புடவையை இழுத்தாள்: "சும்மா இருடி, உள்ள போட்டுடப் போறாங்க."

கலெக்டரம்மா ஏதோ குறித்துக்கொண்டார். என் வாயைப் பற்றித்தான் இருக்கும்.

22.6.2005
விசாரணைக்காரர் நிஜமாகவே உப்பளத்துக்கு வந்துவிட்டார்! பூட்ஸோடு வரப்பில் நடந்து, வழுக்கி, பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிடிக்கப் போன நானும் பக்கத்தில் விழுந்தேன்.

"நீங்க இங்கதான் இருக்கீங்கன்னு எழுதிக்கிறேன்மா. மொதல்ல எழுந்திருங்க."

இனி யார் வீட்டுக்கும் முன்கூட்டியே நாள் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று கலெக்டரம்மா உத்தரவாம். மதியம் கூனிமேட்டுக்கும் போனாராம். இதற்கா நான்கு வருடம்!

17.2.2006
டெல்லி சம்மதித்துவிட்டது. மலேசியக் குடியுரிமையை விட்டுவிட வேண்டும். பாஸ்போர்ட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

18.2.2006
அம்மாவுக்கு போன் செய்தேன். "அப்போ என்னைப் பாக்க விசா எடுத்துட்டுதான் வரணுமா?" என்றாள்.

எதுக்கு இத்தனை ஆட்டம் போட்டேன்? டெலிபோன் பூத்துக்குள்ளேயே அழுதேன். இவர் வெளியே நின்று கண்ணாடியைத் தட்டுகிறார்: "மேரி, மீட்டர் ஓடுது!"

6.6.2006
சான்றிதழ் கொடுத்தார்கள். எனக்கும் மெஹருன்னிசாவுக்கும் ஒரே நாளில். அவள் அழுதாள். நான் அழவில்லை என்று எழுத ஆசைதான்.

13.10.2006
உள்ளாட்சித் தேர்தல். ஆராயி வார்டுக்கு நிற்கிறாள். எப்படி முத்திரை குத்த வேண்டும் என்று ஒரு வாரமாகத் தெருவுக்கே பாடம் எடுத்தேன். உள்ளே போனதும் பரபரவென்று முத்திரையை எடுத்தேன். ஆராயி சின்னத்துக்கும் அடுத்த சின்னத்துக்கும் நடுவில், சரியாகக் கோட்டின் மேல் குத்திவிட்டேன்.

வெளியே வந்து இவரிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்: "செல்லாத ஓட்டுடி அது!"

ஆராயியிடம் மூச்சு விடவில்லை.

போகட்டும். அடுத்த தேர்தலில் ஒழுங்காகக் குத்துகிறேன். எங்கே போய்விடப் போகிறேன்?